சுமந்து செல்லும் செய்தி: கோபுரம் எட்டாத இடங்களில் கம்பியில்லாத் தொடர்பு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்து சென்று ஒரு வாரம் ஆன பின்னர், அப்பிரதேசத்துக்குச் செல்லும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்த கோலத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் அங்கே கண்ட வேறொரு சிறிய விஷயத்தை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன். மின்கம்பங்கள் முறிந்து விழுந்துவிட்டபடியால் ஊர்கள் இருண்டு கிடந்தன. கைபேசிக் கோபுரங்களில் சில சாய்ந்துவிட்டன. சாயாதவை மின்சாரமும் டீசலும் இன்றி ஊமையாய் நின்றன. ஓர் ஊரில் பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன், ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் தெருவாருடைய கைபேசிகளைச் சேகரித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி அதில் உடையவர் பெயரை எழுதி, காலையில் மொபெட்டில் ஏறிப் புறப்பட்டுவிடுவான். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடை எங்கோ பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இருந்தது. அங்கே காசு கொடுத்து அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றுவான். வீட்டார் முன்கூட்டியே எழுதி வைத்த குறுஞ்செய்திகள், டவர் கிடைத்ததும் ஒவ்வொன்றாய் அங்கிருந்து புறப்படும். துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்து காத்துக் கிடந்த பதில்கள் ஒரே மூச்சில் வந்து இறங்கும். பொழுது சாய்ந்த பிறகு அவன் திரும்பி வந்து பையைத் திண்ணையில் கவிழ்க்கையில் தெருவே அங்கே கூடிவிடும். “எனக்கு ஒண்ணும் வரலியா தம்பி?” என்று கேட்ட கிழவியிடம், “நாளைக்கு மறுபடியும் போவேன்ல ஆத்தா, வந்துடும்” என்று அவன் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அந்தப் பையன் செய்த காரியத்துக்கு யந்திர சாஸ்திரத்தில் ஒரு பெயர் உண்டு என்பது அவனுக்குத் தெரிந்திராது. பெற்று வைத்தல், சுமந்து செல்லுதல், சேரும் இடத்தில் ஒப்படைத்தல் என்ற மூன்று செயல்களால் ஆன அந்த உபாயத்தை, கம்பியில்லாத் தொடர்பியலின் அறிஞர்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காலம் சுற்றி அலைந்த பிறகே தங்களுக்குரிய ஒரு முறையாக அங்கீகரித்தார்கள். அசைவும் தாமதமும் தொடர்புக்குப் பகை என்று எண்ணி அவற்றோடு போராடி வந்தவர்கள், வசதி குன்றிய இடங்களில் அவ்விரண்டுமே தொடர்புக்குரிய பாதையாக இருக்கக்கூடும் என்று உணர்ந்துகொள்ள அத்தனை காலம் பிடித்தது.

கம்பியில்லாத கணினி வலையமைப்பு என்பதே வசதிக் குறைவில் பிறந்த குழந்தை என்பதை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். ஹவாய்ப் பல்கலைக்கழகம் பல தீவுகளில் சிதறிக் கிடந்தது. அத்தீவுகளை இணைத்த தொலைபேசிக் கம்பிகளோ விலை மிகுந்தவை, நம்பத் தகாதவை. அலைச்சறுக்கு விளையாட்டின் மோகத்தால் அத்தீவுகளுக்குக் குடிபெயர்ந்தவரான நார்மன் ஏப்ராம்சன் என்ற பேராசிரியர், கம்பியை அறவே ஒதுக்கிவிட்டு, வானொலி அலையின் மூலமாகவே கணினிச் செய்திகளைத் துண்டு துண்டாக அனுப்பும் ‘அலோஹா’ என்ற அமைப்பை 1971இல் இயங்கச் செய்தார். அதன் விதி ஆச்சரியப்படத்தக்க அளவுக்கு எளியது: பேச வேண்டியவன் பேசிவிடலாம், இருவர் பேச்சு ஒன்றோடொன்று மோதிக் கெட்டுப்போனால், இருவரும் மனம்போனபடி சற்றுப் பொறுத்து மீண்டும் பேச வேண்டும். இப்படி நடத்தினால் அலைவரிசையின் திறனில் 18 சதவிகிதத்துக்கு மேல் பயன்படாது என்று கணக்கிட்டுக் காட்டலாம். ஆயினும் கம்பியே இல்லாத இடத்தில் அது பெரும் செல்வம் அல்லவா?

அடுத்து வந்தவர்கள் கணினியை வண்டியில் ஏற்றினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பணத்தில், கலிபோர்னியாவில் ஒரு சாதாரணச் சரக்கு வேனுக்குள் வானொலிப் பெட்டிகளை நிரப்பி, 1977 நவம்பர் 22ஆம் நாள் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே அதிலிருந்து செய்திப் பொதிகளை அனுப்பினார்கள். அவை வானொலி வலை, தரைக் கம்பி வலை, செயற்கைக்கோள் வலை ஆகிய மூன்று வலைகளைக் கடந்து, ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பி, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலிருந்த ஒரு கணினியை அடைந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு மதுக்கடைத் தோட்டத்து மேசையின்மீது முனையத்தை வைத்து இதே வேனின் வழியாக ஓர் அறிக்கையை அனுப்பிப் பார்த்ததும் உண்டு. வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் வகுத்த டிசிபி என்னும் நெறிமுறை, இன்று உலக இணையம் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பது, இத்தகைய சோதனைகளில்தான் வலுப்பெற்றது.

அந்த நெறிமுறைக்குள் ஓர் அனுமானம் மறைந்திருந்தது. டிசிபி ஒரு செய்தியை அனுப்பத் தொடங்கும் முன் எதிர்முனையோடு மூன்று முறை கைகுலுக்கிக்கொள்கிறது: இவன் ‘இருக்கிறாயா’ என்கிறான், அவன் ‘இருக்கிறேன், நீ கேட்கிறாயா’ என்கிறான், இவன் ‘கேட்கிறேன்’ என்ற பிறகே பேச்சுத் தொடங்குகிறது. பிறகு அனுப்பிய ஒவ்வொரு பொதிக்கும் பற்றுச்சீட்டு எதிர்பார்க்கப்படுகிறது. உரிய காலத்தில் அது வராவிடில், வழியில் நெரிசல் என்று கருதி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சில முறை முயன்ற பின் கைவிட்டுவிடுகிறது. இரு முனைகளும் ஒரே சமயத்தில் விழித்திருக்கின்றன, இடையே முழுப் பாதை ஒன்று இந்த நொடியிலேயே திறந்திருக்கிறது என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை. அந்த வேன் ஓடிய சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் அது மெய். மலைக்கிராமத்திலும் நடுக்கடலிலும் புயலடித்த ஊரிலும் அது பொய்.

கோபுரமே இல்லாமல், மனிதர் கையிலும் வண்டியிலும் உள்ள கருவிகளே ஒன்றுக்கொன்று அஞ்சல் நிலையமாகிச் செய்தியைக் கடத்தும் நடமாடும் வலைகளைப் பற்றி 1990களில் ஆராய்ச்சி பெருகிற்று. கருவிகள் நெருக்கமாக இருக்கும் வரையில் இவை நன்றாகவே நடந்தன. ஆனால் கருவிகள் விலகி விலகி நின்றபோது, பாதையைத் தேடும் கணிதமெல்லாம் வெறுங்கையோடு திரும்பியது. இங்கேதான் ஒரு நுட்பமான உண்மை புலப்பட்டது: எந்த ஒரு நொடியை எடுத்துப் பார்த்தாலும் அந்த வலையில் பாதை இல்லை, ஆனால் ஒரு நாள் முழுவதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பாதை உண்டு. காலையில் முருகனைக் கந்தன் சந்திக்கிறான், மாலையில் கந்தனை வேலன் சந்திக்கிறான்; முருகனும் வேலனும் ஒருபோதும் சந்திப்பதில்லை; ஆயினும் முருகனுடைய செய்தி வேலனை அடைந்துவிடுகிறது.

இதற்குக் கணித ஆதாரமும் விரைவில் கிடைத்தது. நிலையாக நிற்கும் கருவிகளின் எண்ணிக்கை கூடக் கூட, ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு தேய்ந்துகொண்டே போகும் என்று பியூஷ் குப்தாவும் பி. ஆர். குமாரும் 2000இல் நிறுவினார்கள். மறு ஆண்டிலேயே மத்தியாஸ் கிராஸ்கிளவுசரும் டேவிட் சேயும் அதற்கு ஒரு வியப்பான விலக்கைக் காட்டினார்கள்: கருவிகள் நடமாடுமானால், ஒவ்வொன்றும் தன் செய்தியை அருகில் வந்த ஒருவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு, அவர் உரியவரை நேரில் சந்திக்கும் வரையில் பொறுத்திருக்கச் சம்மதிக்குமானால், கூட்டம் எவ்வளவு பெருகினாலும் ஒருவருடைய பங்கு குறைவதில்லை. அசைவு திறனைக் கெடுக்கவில்லை, வளர்க்கிறது; அதற்கு நாம் கொடுக்கும் விலை தாமதம் ஒன்றே.

செய்தியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எஞ்சி நின்றது. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமீன் வாதத்தும் டேவிட் பெக்கரும் 2000இல் சொன்ன விடை, கண்டவரிடமெல்லாம் கொடு என்பது. தொற்றுநோய் பரவுவதுபோல் செய்தி பரவும். இருவர் சந்தித்தால் முதலில் தத்தம் மூட்டையில் உள்ளவற்றின் பட்டியலை மாற்றிக்கொள்வார்கள், பிறகு இல்லாததை மட்டும் பிரதி எடுத்துக்கொள்வார்கள். ஊர்வம்பு இதே வழியில்தான் பரவுகிறது என்பதால் இம்முறையின் வெற்றியில் நமக்கு ஐயம் எழ நியாயமில்லை. ஆனால் கைபேசியின் நினைவகமும் மின்கலமும் ஊர்வம்புக்காரரின் நாவைப்போல் வற்றாதவை அல்ல. ஆகவே 2005இல் ‘தெளித்துக் காத்திரு’ என்றொரு சிக்கன முறை வந்தது: பதினாறு பிரதிகளோடு புறப்பட்டவன் முதலில் கண்டவனிடம் எட்டைக் கொடுக்கிறான், எட்டு வைத்திருப்பவன் நான்கைக் கொடுக்கிறான், ஒன்றே ஒன்று மிஞ்சியவன் அதை உரியவரிடமன்றி வேறெவரிடமும் கொடான். முன்பு யாரை அடிக்கடி சந்தித்தோம் என்பதை நினைவில் வைத்து சுமப்பவரைத் தேர்ந்தெடுக்கும் முறைகளும் உண்டு.

இந்தச் சிந்தனைகளுக்கு ஒரு பொதுவான கட்டுமானம் கிடைத்தது விண்வெளியிலிருந்து என்பது வேடிக்கை. செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச் சேரவே, கோள்களின் தூரத்தைப் பொறுத்து, மூன்று முதல் இருபத்திரண்டு நிமிடங்கள் ஆகும். அங்கே மூன்று முறை கைகுலுக்குவது எப்படி? 1998 முதல் செர்ஃபும் விண்வெளிப் பொறியாளர்களும் இதற்கென ஆராய்ந்து வந்ததைப் பூமியின் வசதியற்ற இடங்களுக்கும் பொருந்துமாறு கெவின் ஃபால் 2003இல் விரித்தெழுதினார். செய்தி இங்கே சிறு பொதிகளாக ஓடுவதில்லை. தனக்கு வேண்டிய விவரம் எல்லாவற்றையும் தன்னுள்ளேயே கொண்ட மூட்டையாகப் புறப்படுகிறது. ஒவ்வொரு நிலையமும் அதை வாங்கிச் சேமித்து, அதன் பாதுகாப்புப் பொறுப்பைத் தானே ஏற்று, முன்னவரை விடுவிக்கலாம். திருவிதாங்கூரில் 1951 வரையில் நடந்துவந்த அஞ்சல் இலாகாவின் ஓட்டக்காரன், சலங்கை கட்டிய கோலோடு ஓடிவந்து அடுத்த ஓட்டக்காரனிடம் பையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போனானே, அதே தர்மம்தான் இது. அனுப்பியவர் விழித்திருக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் காகிதத்திலேயே நின்றுவிடவில்லை. எம்.ஐ.டி. ஸ்தாபனத்தைச் சேர்ந்த அலெக்ஸ் பென்ட்லண்டும் ரிச்சர்ட் ஃபிளெட்சரும் அமீர் ஹாசனும் அமைத்த ‘டாக்நெட்’ என்பது, பெயரிலேயே தபாலைச் சுமந்தது. ‘டாக்’ என்றால் இந்தியில் தபால். பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாபூர் வட்டாரத்தில் ஓடிய ஓர் அரசுப் பேருந்தில் சிறிய கணினியும் வை-ஃபை கருவியும் ஏற்றப்பட்டன. கர்நாடக அரசு அப்பொழுதுதான் ‘பூமி’ என்ற திட்டத்தின் கீழ் நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றி முடித்திருந்தது. ஆனால் தன் நிலத்தின் பத்திர நகலைப் பெற வேண்டிய விவசாயி, ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். இப்பொழுது அவன் தன் கிராமத்துக் கணினியில் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டு வீடு திரும்புகிறான். பேருந்து வந்து நிற்கிறது. ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், நடத்துநர் விசில் ஊதுகிறார். அதற்குள், யாரும் ஒரு பொத்தானையும் தொடாமல், கிராமத்துக் கணினியும் பேருந்துக் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு தத்தம் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடுகின்றன. சராசரியாக இரண்டரை நிமிடச் சந்திப்பில் இருபது மெகாபைட் அளவுக்குத் தகவல் கைமாறியது என்று அவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். அக்காலத்துத் தொலைபேசி மோடத்தில் அவ்வளவையும் இறக்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், குண்டும் குழியுமான சாலையில் ஆடி அசைந்து வரும் பேருந்து, கம்பியைவிட வேகமான வாகனம் என்ற விசித்திர முடிவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது.

கம்போடியாவின் வடகிழக்கே ரத்தனகிரி மாகாணத்தில் பேருந்துக்குப் பதிலாக ஹோண்டா மோட்டார் சைக்கிள்கள் ஐந்து அதே வேலையைச் செய்தன. செயற்கைக்கோள் தட்டு பொருத்திய பான்லுங் நகரத்து நிலையத்திலிருந்து காலையில் புறப்பட்டு, செம்மண் பாதைகளில், சூரிய ஒளியால் கணினி இயங்கிய பள்ளிகளின் வாசல் வழியே போய்த் திரும்பும். ஆசிரியர்களின் கடிதங்களும், நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் அவற்றின் பின்பெட்டியில் பயணம் செய்தன.

இந்த முயற்சிகளின் வெற்றிக்கு வானொலி நுட்பத்தைக் காட்டிலும் கால அட்டவணையே முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம். பேருந்து நாள்தோறும் வரும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையின் முதுகில்தான் வலையமைப்பு ஏறி உட்கார்ந்துகொண்டது. அட்டவணை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதைக் கென்யாவின் வரிக்குதிரைகள் சொல்லும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து மார்கரெட் மார்ட்டோனோசியின் குழுவினர், ம்பாலா ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த புல்வெளியில் 2004இல் சில வரிக்குதிரைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். அதில் இருப்பிடம் காட்டும் கருவி, வானொலி, சூரியத் தகடு எல்லாம் இருந்தன. இரண்டு விலங்குகள் நீர்நிலையில் சந்தித்தால் பட்டைகள் ஒன்றின் குறிப்பேட்டை மற்றொன்று பிரதி எடுத்துக்கொள்ளும். ஆராய்ச்சியாளர் ஜீப்பில் வந்து ஏதேனும் ஒன்றைக் கண்டால் போதும், காணாத விலங்குகளின் நடமாட்டமும் அகப்பட்டுவிடும். வரிக்குதிரைக்குத் தான் தபால்காரன் என்பது தெரியாது. சுவீடனின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களுக்காகவும் இதே தத்துவத்தில் ஒரு முயற்சி 2002 முதல் நடந்தது. அவர்கள் பருவந்தோறும் இடம் பெயர்பவர்கள் ஆதலால், அங்கே வலையமைப்பும் மந்தையோடு நகர வேண்டியதாயிற்று.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இவ்வகை ஆராய்ச்சியின் கட்டுரைகளைப் படிப்பவர், அலைகளின் போக்கும் கணக்கீட்டின் நயமுமே தீர்மானிப்பவை என்று எண்ணிவிடுவார். தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுக் கிராமங்களின் கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தூர வை-ஃபையால் இணைத்த பெர்க்லி பல்கலைக்கழகத்தாரின் அனுபவம் வேறு. அங்கே வாகனம் எதுவும் இல்லை. கோபுரத்துக்குக் கோபுரம் நேராகப் பேசிக்கொண்டன. கிராமத்து நோயாளி தேனி மருத்துவரைத் திரையில் கண்டு பேசினார். வை-ஃபை என்பது ஒரு வீட்டுக்குள் பேசப் பிறந்த நெறிமுறையாதலால், பல கிலோமீட்டர் போய்த் திரும்பும் பற்றுச்சீட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றி அனுப்பியதையே மீண்டும் மீண்டும் அனுப்பும். அதை மாற்றி, முறை வைத்துப் பேசுமாறு திருத்தியது அவர்களுடைய சாமர்த்தியம். ஆனால் நாளாவட்டத்தில் அவர்களை மிகுதியும் அலைக்கழித்தது வானொலி அன்று, மின்சாரமே. மின்வெட்டு என்றால் மின்கலம் உண்டு. அழுத்தம் தாழ்ந்து தாழ்ந்து வந்தால் கருவி சாகவும் இல்லை, உயிரோடும் இல்லை. உயிர்த்தெழ வைக்க ஒருவர் அவ்வளவு தூரம் பயணம் செய்து, அணைத்துப் போட வேண்டியிருந்தது. கஜா புயலின்போது மஞ்சள் பைக்காரப் பையனை ஓடவிட்டதும் முதலில் மின்சாரம்தானே?

மற்றொன்று அந்தரங்கம். தபால்காரனிடம் கொடுத்த உறையை ஒட்டிக் கொடுக்கிறோம். வழிப்போக்கர் கைபேசிகளெல்லாம் என் செய்தியைச் சுமக்குமானால் அதை ஒட்டுவது யார்? ஹாங்காங் கிளர்ச்சியின்போது 2019இல் பலரும் பயன்படுத்திய, ப்ளூடூத் வழியே கைக்குக் கை செய்தி கடத்தும் ஒரு செயலியை அடுத்த ஆண்டு லண்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர் பிரித்துப் பார்த்து, அதில் செய்தியைப் பிறர் படிக்கவும், யார் யாரோடு பேசினார் என்று பின்தொடரவும் வழி இருந்ததை வெளிப்படுத்தினார்கள்.

தொட்டபள்ளாபூர்ப் பக்கம் இன்று கைபேசி இல்லாதவர் அரிது. ஆகவே பேருந்துத் தபால் ஒரு காலத்தின் ஏற்பாடாக முடிந்துபோயிற்று என்று கூறுவோர் உண்டு. தரையைப் பொறுத்தவரையில் அது பெரும்பாலும் மெய்யே. கடலை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் தூண்டில் தொழிலுக்காக வாரக் கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்தபோது, எச்சரிக்கை கரையில் வெளிவருவதற்கு முன்னரே அவர்களில் பலர் வெகுதூரம் சென்றுவிட்டிருந்தார்கள்; படகிலுள்ள வயர்லெஸ் செட்டின் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. அதன் பின்னர், 2019இல், செயற்கைக்கோளின் வழியே எச்சரிக்கையைப் பெற்று, ப்ளூடூத் மூலம் மீனவரின் கைபேசியில் காட்டும் ‘ஜெமினி’ என்ற கருவியை மத்திய அரசு வெளியிட்டது. அது கடலில் இருப்பவனுக்குச் சொல்லும்; கடலில் இருப்பவன் சொல்வதைக் கேட்காது. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்ற பாகுபாட்டைச் செய்யாத எந்த வலையமைப்பும் அரைகுறையே என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். பத்திர நகல் நாளை வரலாம்.

ஓகிக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் தூத்தூர்க் கடற்கரையில் முதிய மீனவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, கருவிகள் வருமுன் நடுக்கடலிலிருந்து வீட்டுக்குச் செய்தி சொல்வது எப்படி என்று கேட்டேன். “கரை போற போட்டு பக்கத்துல வந்தா செட்டுல கூப்பிட்டுச் சொல்லுவோம். அவன் எட்டலேன்னா நடுவுல நிக்கற போட்டு வாங்கிச் சொல்லும். அவன் கரை சேர்ற அன்னைக்கு வீட்டுல தெரியும்” என்றார். எத்தனை நாள் ஆகும் என்றதற்கு, “நாலும் ஆகும், பத்தும் ஆகும். சொன்ன சேதி சேராம இருந்ததில்ல” என்றார். ஓகியின்போது எப்படி என்று கேட்கலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில், அவரே கடலைப் பார்த்தபடி, “அன்னைக்குக் கரை போற போட்டே இல்ல” என்றார்.